தொழுநோயும் சுண்டெலியும்

ஆவடி என்றதும் 1955ஆம் ஆண்டுக் காங்கிரஸ் மாநாடும், டாங்கித் தொழிற்சாலையும் நம் நினைவுக்கு வரும். அதிகம் பேசப்படாத வேறொரு பெருமையும் அவ்வூருக்கு உண்டு. ஆக்ராவைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய ஜால்மா தொழுநோய் நிலையத்தின் ஆவடிக் களப்பிரிவு, 1991ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு பெருஞ்சோதனையைத் தொடங்கிற்று. இரண்டரை ஆண்டுகளில் தென்னிந்திய மக்கள் 1,71,400 பேர் மனமுவந்து ஊசி போட்டுக்கொண்டனர். நான்கு வகைத் தடுப்பு மருந்துகள். ஐந்தாவது வெறும் உப்புநீர். எவருக்கு எது சென்றது என்பதை ஊசி போட்டவரும் அறியார், போட்டுக்கொண்டவரும் அறியார்.

இத்தனை பேருக்கு ஊசி போடத் துணிந்த நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது? மாணவர்களே, அந்த வரலாற்றின் பெரும்பகுதி சுண்டெலியின் உடலுக்குள்ளே நிகழ்ந்தது.

நார்வே நாட்டு ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டது 1873இல். ஆயினும் அதனைச் சோதனைக் குழாயில் வளர்க்க இன்றளவும் இயலவில்லை. 1960இல் அமெரிக்கரான ஷெப்பர்டு, சுண்டெலியின் பாதத்தில் அதைச் செலுத்தி ஓரளவு பெருகச் செய்தார். 1966இல் லண்டன் மில் ஹில் ஆராய்ச்சிக்கூடத்தில் ரீஸ் என்பவர், தைமஸ் சுரப்பியை நீக்கிக் கதிர்வீச்சுக்கும் உட்படுத்திய சுண்டெலிகளில் கிருமி பன்மடங்கு பெருகுவதைக் கண்டார். அப்படியாயின், கிருமியை அடக்கி வைத்திருந்தது தைமஸோடு தொடர்புடைய ஒருவகை வெள்ளணுவாகத்தானே இருக்க வேண்டும்?

அந்த அணுவை இனங்காண்பதிலேதான் இடர்ப்பாடு. திசுவை மெல்லிய சீவலாக அறுத்து, வழக்கமான சாயமேற்றிப் பார்த்தால், நிணவணுக்கள் எல்லாமே சிறிய நீலப் பொட்டுகளாகத் தோன்றும். தேர்த் திருவிழாவில் வெள்ளை வேட்டி உடுத்தி நிற்கும் கூட்டத்தில் உள்ளூரார் யார், வெளியூரார் யார் என்று மாடியிலிருந்து பார்ப்பவன் எப்படிச் சொல்வான்?

இதற்கு வழி ஹார்வர்டில் முன்னரே பிறந்திருந்தது. 1941இல் ஆல்பர்ட் கூன்ஸ், எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தை இணைத்தார். எதிர்ப்பொருள் தனக்குரிய பொருளை மட்டுமே பற்றும். பற்றாதது கழுவினால் போய்விடும். புற ஊதா ஒளியில் பற்றிய இடம் மட்டும் சுடர்விடும். இவ்வளவு எளிய கருத்து இத்தனை காலம் எவருக்கும் தோன்றாமற் போனது வியப்பே.

1964இல் ரெய்ஃப், ஆலன் என்ற இருவர், ஓர் இனச் சுண்டெலியின் தைமஸ் அணுக்களை வேறோர் இனச் சுண்டெலிக்குச் செலுத்தி, ‘தீட்டா’ என்ற அடையாளப் பொருளுக்கு எதிர்ப்பொருள் பெற்றனர். மில் ஹில்லிலேயே பணியாற்றிய மார்ட்டின் ராஃப், தைமஸ்வழி வந்த அணுக்களுக்கு அதுவே முத்திரை என்று 1969இல் காட்டினார். மறு ஆண்டே, ஒளிரும் எதிர்ப்பொருளைக் கொண்டு சுண்டெலியின் நிணவணுக்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துக் காட்டினார். டி அணு, பி அணு என்று பாடநூலில் ஒரே வரியில் நாம் படித்துவிடுவது இவ்வாறு கிடைத்ததே.

கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் ஒரே தன்மையுள்ள எதிர்ப்பொருளை வேண்டுமளவு உண்டாக்கும் முறையைக் கண்டனர். அதன்பின் சாயம் மனிதத் தோலுக்கும் வந்தது. 1980களின் தொடக்கத்தில் தொழுநோயாளரின் தோற்சீவல்களில் அது ஏற்றப்பட்டது. ஓரிரு தேமலோடு நோய் நின்றவரிடம், உதவி டி அணுக்கள் கிருமியை விழுங்கும் பேரணுக்களோடு நடுவில் திரண்டிருந்தன. மற்றொரு வகை டி அணுக்கள் அவற்றைச் சுற்றி வேலியாக நின்றன. உடலெங்கும் நோய் பரவியவரிடமோ அந்த ஒழுங்கு இல்லை. உதவி அணுக்களும் குறைந்திருந்தன. கிருமி ஒன்றே, வேறுபட்டது உடலின் அணிவகுப்பு.

அந்த அணுக்களை முன்னதாகவே விழிக்கச் செய்ய இயலுமா என்பதே ஆவடியார் எழுப்பிய வினா. 1998 டிசம்பரில், இரண்டாவது மறு ஆய்வு முடிந்தபின் இரகசியக் குறிகள் பிரிக்கப்பட்டன. பி.சி.ஜி. மட்டும் தந்த பாதுகாப்பு 34.1 விழுக்காடு. கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியையும் அதனுடன் சேர்த்தபோது 64 விழுக்காடு. ஐ.சி.ஆர்.சி. மருந்துக்கு 65.5, எம்.டபிள்யூ. மருந்துக்கு 25.7. மறு ஆண்டு அக்களப்பிரிவு மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிலையத்தோடு இணைந்து, தேசிய தொற்றுநோயியல் நிறுவனமாக உருப்பெற்றது; அது இன்று அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இயங்குகிறது. ஆனால் நோயின் கடிய வடிவத்தை இம்மருந்துகள் எவ்வளவு தடுத்தன என்பதை மட்டும் அச்சோதனையால் கணிக்க இயலவில்லை. அதற்குப் போதிய அளவு நோயாளிகள் புதிதாகத் தோன்றவில்லை.