படிவம் 4 பாடத் தொகுப்பு: தமிழ் எங்கே விடுபடுகிறது?

பள்ளி தொடங்கும் வாரத்தில் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பெற்றோர் முதலில் கேட்பது, “பிள்ளைக்கு முதல் வகுப்பா, கடைசி வகுப்பா?” என்பதுதான். “கால அட்டவணையில் தமிழ் இருக்கிறதா?” என்று கேட்பவர்கள் குறைவு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளை எஸ்.பி.எம். எழுதும் வரை மூன்று கட்டங்களில் பிரிக்கப்படுகிறது. அந்த மூன்றையும் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

முதல் கட்டம்: புகுமுக வகுப்பு

தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் மாணவர்களில் மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாதவர்கள், படிவம் 1-க்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் படிக்கிறார்கள். முன்பு இதை யு.பி.எஸ்.ஆர். தேர்வு முடிவு செய்தது. 2021-இல் அத்தேர்வு நீக்கப்பட்ட பிறகு, வகுப்பறை மதிப்பீட்டில் பிள்ளை பெறும் அடைவுநிலை முக்கியமாகிவிட்டது. அதில் 1 முதல் 6 வரை நிலைகள் உண்டு. ஆகவே, ஆறாம் ஆண்டு முடியும்வரை காத்திராமல் ஐந்தாம் ஆண்டிலேயே மலாய்மொழி அடைவுநிலை என்ன என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் கட்டம்: படிவம் 1 வகுப்பு

பல பள்ளிகளில் மாணவர்களை மதிப்பெண்படி வகுப்பு பிரிக்கும் பழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. 2019-இல் தொடக்கப்பள்ளி முதல் மூன்று ஆண்டுகளுக்கான தேர்வுகள் நீக்கப்பட்டன. திறன்வாரியாக வகுப்பு பிரிப்பதைக் கைவிடுவது பற்றியும் அக்காலத்தில் கல்வி அமைச்சு அறிவித்தது. பின்லாந்து 1985-இலேயே தன் பொதுப்பள்ளிகளில் இந்த முறையைக் கைவிட்டது. கடைசி வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு எளிய பாடமே போதும் என்ற எண்ணம், காலப்போக்கில் அந்தப் பிள்ளையின் எல்லையாகவே மாறிவிடுகிறது என்பதுதான் இம்முறையின் மீது வைக்கப்படும் முக்கியக் குறை.

தமிழைப் பொறுத்தவரை இங்குதான் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின்படி, ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்யப்பட வேண்டும். அந்த 15 பேரும் ஒரே வகுப்பில் இருக்க வேண்டும் என்பதில்லை, பள்ளி முழுவதிலும் இருந்தால் போதும். தமிழ் மாணவர்கள் பல வகுப்புகளில் சிதறியிருக்கும் பள்ளிகளில், வாய்வழியாகக் கேட்பதைவிட எழுத்துப்பூர்வமாகக் கேட்பதே சிறந்தது.

மூன்றாம் கட்டம்: படிவம் 4

அறிவியல் பிரிவில் 60 விழுக்காடு, கலைப் பிரிவில் 40 விழுக்காடு மாணவர்கள் என்ற இலக்கு 1967-இல் வகுக்கப்பட்டது. அதன் பின்னர் ‘கெட்டிக்காரப் பிள்ளை அறிவியல் படிக்க வேண்டும்’ என்ற எண்ணம் வீடுகளில் வேரூன்றியது. 2020 முதல் படிவம் 4-இல் அறிவியல், கலை என்ற பிரிவுகள் நீங்கி, பாடத் தொகுப்பு முறை நடப்புக்கு வந்தது. பி.டி.3 தேர்வும் 2022-இல் நீக்கப்பட்டதால், படிவம் 3-இல் பள்ளி மதிப்பீடும் மாணவரின் விருப்பமும்தான் இப்போது தொகுப்பை முடிவு செய்ய உதவுகின்றன.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மலாய், ஆங்கிலம், கணிதம், வரலாறு, நன்னெறிக் கல்வி ஆகியவை ஐந்து பாடங்கள். கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்ற நான்கையும் சேர்த்தால் ஒன்பது. தமிழ்மொழி பத்தாவது பாடம், தமிழ் இலக்கியம் பதினொன்றாவது. எஸ்.பி.எம். தேர்வில் 10 பாடங்களுக்கு மேல் எடுக்க முடியாது என்று 2009-இல் அரசு அறிவித்தபோது தமிழ் அமைப்புகள் கடுமையாக எதிர்த்ததற்கு இந்தக் கணக்கே காரணம். அந்த எதிர்ப்புக்குப் பின்னர் 12 பாடங்கள் வரை எழுத வழி பிறந்தது.

வழி பிறந்தாலும் தமிழ் கட்டாயப் பாடம் அல்ல. எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியில் தேர்ச்சி வேண்டும், 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி வேண்டும். தமிழை விட்டாலும் சான்றிதழ் கிடைத்துவிடும் என்பதால், பாடச்சுமை கூடும்போது முதலில் கைவிடப்படுவது தமிழாகவே இருக்கிறது. ஆனால் பின்னாளில் தமிழாசிரியராக விரும்பும் பிள்ளைக்கு எஸ்.பி.எம். தமிழ்மொழியில் நல்ல தேர்ச்சி தேவை. பதினைந்து வயதில் எடுக்கும் முடிவு அந்த வாய்ப்பை அடைத்துவிடக்கூடும். தமிழ்ப்பள்ளிகளுக்கு நாளைக்கு வேண்டிய ஆசிரியர்களும் இன்றைய படிவம் 4 வகுப்புகளிலிருந்துதான் வர வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

• ஐந்தாம் ஆண்டில்: மலாய்மொழி அடைவுநிலையைக் கேட்டறியுங்கள்.

• படிவம் 1 பதிவு நாளில்: தமிழ் வகுப்பு உண்டா, எந்த நேரத்தில் நடக்கிறது என்று கேளுங்கள். இல்லையென்றால் 15 பெற்றோரின் கையெழுத்தோடு பள்ளி முதல்வருக்குக் கடிதம் கொடுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் தெரிவியுங்கள்.

• படிவம் 3 முடிவதற்குள்: பள்ளி வழங்கும் தொகுப்புகளில் தமிழ்மொழி உள்ளதா, கூடுதல் பாடமாக எழுத வேண்டுமா என்று உறுதிப்படுத்துங்கள்.

• தமிழ் இலக்கியம் எழுத விரும்பினால்: படிவம் 4 தொடக்கத்திலேயே ஆசிரியரையோ வாரயிறுதி வகுப்பையோ தேடிக்கொள்ளுங்கள். பல பள்ளிகளின் கால அட்டவணையில் இப்பாடம் இல்லை.

முதல் வகுப்போ கடைசி வகுப்போ, தமிழ் படிக்கும் உரிமை எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுதான். அதைக் கேட்டுப் பெறுவது பெற்றோர் கையில் இருக்கிறது.