14 இஞ்சிலிருந்து 32 இஞ்ச் வரை: சின்ன டிவியின் கணக்கு

ஊரில் அம்மா அறைக்கு ஒரு டிவி வாங்கணும். பட்ஜெட் 12,000 ரூபாய்க்குள். விஷயம் இவ்வளவுதான். ஆனால் மூன்று வாரமாக முடிவெடுக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கிறேன். காரணம், சுவர் அலமாரி. வீடு கட்டியபோது ஆசாரி 21 இஞ்ச் பெட்டி டிவிக்கு அளவெடுத்து ஷோகேஸில் ஒரு இடம் விட்டார். அதன் அகலம் 27 இஞ்ச். இன்று கடைகளில் மலிவாகவும் நிறைய மாடல்களிலும் கிடைக்கிற 32 இஞ்ச் டிவியின் அகலம் 28ஐத் தாண்டுகிறது. ஒன்றரை இஞ்சுக்காக மரத்தை அறுப்பதா, இல்லை பேசாமல் 24 இஞ்ச் வாங்கி அந்தப் பொந்துக்குள் உட்கார வைப்பதா?

24ஆ 32ஆ என்று தேடப் போனவன், வழக்கம்போல வழி தவறி வரலாற்றுப் பக்கம் வந்துவிட்டேன். சின்ன டிவி என்று நாம் சொல்வது எந்தக் காலத்தில் எந்த அளவு? அந்த அளவை யார் முடிவு செய்தார்கள்? விலை குறைவதற்காக எதை விட்டுக்கொடுத்தோம்? இதைப் பற்றி சேர்த்து வைத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

மெட்ராஸ் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. அதே ஆகஸ்ட் 1ஆம் தேதிதான் சைட் திட்டமும் தொடங்கியது. நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஒரு வருடத்துக்கு வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டிவி காட்டிய திட்டம். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை, பக்கத்தில் ஆந்திராவும் கர்நாடகாவும் இருந்தன. ஊருக்கு ஒரு செட், அதன் முன்னால் மொத்த ஊரும். அப்போது டிவி ஒரு வீட்டுச் சாமானாகக் கருதப்படவே இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். கூட்டம் பார்க்கிற பொருளுக்கு 'சின்னது' என்ற பேச்சுக்கே இடமில்லை.

வீட்டுக்குள் வந்தபோது இரண்டு அளவுகளில் வந்தது. 51 செ.மீ., அதாவது 20 இஞ்ச். நாலு கால், மரப்பெட்டி, இழுத்து மூடுகிற ஷட்டர், சில வீடுகளில் பூட்டும் சாவியும்கூட. இன்னொன்று 36 செ.மீ., 14 இஞ்ச். பிளாஸ்டிக் பெட்டி, மேலே ஒரு கைப்பிடி. இதற்கு 'போர்ட்டபிள்' என்று பெயர். யாரும் எங்கேயும் தூக்கிக்கொண்டு போனதாக எனக்கு நினைவில்லை, ஆனால் பெயர் அதுதான். பல போர்ட்டபிள்களில் 12 வோல்ட் பேட்டரி போட்டு ஓட்டும் வசதி இருந்தது. கரண்ட் வராத இடத்துக்கு அது பெரிய விஷயம். சென்னையிலேயே தயாரான சாலிடேர், டயனோரா, ஹைதராபாத்திலிருந்து வந்த ஈசி டிவி, இந்தப் பெயர்களைக் கேட்டால் ஐம்பதைத் தாண்டியவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், பார்த்திருப்பீர்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு 14 இஞ்ச் கறுப்பு வெள்ளை. ராமாயணம் ஓடிக்கொண்டிருந்த சமயம், எனவே 1987 அல்லது 88. அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம். கலர் ஏற்கனவே வந்துவிட்டது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித்தான் தூர்தர்ஷன் கலருக்கு மாறியது. ஆனால் கலர் டிவி எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான். ஆக அப்பா விட்டுக்கொடுத்தது இரண்டு: கலர், அளவு. கலரை ஈடுகட்ட மூணு வண்ணத்தில் ஒரு பிளாஸ்டிக் தாள் விற்பார்கள், திரைக்கு முன்னால் மாட்டிக்கொள்ளலாம். மேலே நீலம், நடுவில் ஒருமாதிரி ஆரஞ்சு, கீழே பச்சை. வானமும் வயலும் வந்தால் பொருத்தமாக இருக்கும். செய்தி வாசிப்பவர் வந்தால் நெற்றி நீலமாகவும் தாடை பச்சையாகவும் இருக்கும்.

ஆனால் அளவு விஷயத்தில் அப்பா அவ்வளவாக நஷ்டப்படவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்றைய ஒளிபரப்பு 625 கோடுகள், அதில் படத்துக்கு 576தான். அதே கோடுகளை 20 இஞ்சில் பரப்பினால் கிட்டத்தில் உட்காருபவருக்குக் கோடு கோடாகத் தெரியும். 14 இஞ்சில் நெருக்கமாக விழும், படம் கூர்மையாகத் தெரியும். சிக்னல் பலவீனமாக இருந்த ஊர்களில் இது இன்னும் முக்கியம். தென்மாவட்டக் கடலோரத்தில் மொட்டைமாடியில் உயரமாகக் கம்பம் நட்டு, 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்துப் பார்த்த வீடுகள் ஏராளம். அங்கே படத்தோடு எப்போதும் கொஞ்சம் புள்ளி மழையும் வரும். சின்னத் திரையில் அந்த மழை கண்ணை அவ்வளவாக உறுத்தாது. ஏழை வாங்கிய செட், ஏழைச் சிக்னலுக்குச் சரியாகவே பொருந்தியது.

அடுத்தது 2006. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கணும், ஏனென்றால் தமிழ்நாட்டில் 14 இஞ்ச் என்றாலே பலருக்கும் நினைவு வருவது அந்த டிவிதான். 2006 சட்டமன்றத் தேர்தலில் திமுகவின் தேர்தல் அறிக்கை இலவசக் கலர் டிவி தருவதாகச் சொன்னது. ஆட்சிக்கு வந்த கையோடு பட்ஜெட்டில் 750 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் விநியோகம் தொடங்கியது. எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு மொத்தமாகக் கொள்முதல் செய்தது. 2011இல் ஆட்சி மாறும்வரை கொடுத்த டிவிகள் ஒன்றரைக் கோடிக்கு மேல்.

ஏன் 14 இஞ்ச்? அன்றைய கலர் பிக்சர் டியூப் சந்தையில் அதிகம் புழங்கியவை 14, 20, 21 இஞ்ச். 14தான் இருப்பதிலேயே மலிவு. அரசாங்கம் செய்ததும் அப்பா செய்த அதே பட்ஜெட் கணக்குதான். வித்தியாசம், கோடி மடங்கு பெரிய அளவில் செய்தது. பெரிய திரையைச் சிலருக்கா, சின்னத் திரையை எல்லாருக்குமா என்ற கேள்விக்கு எல்லாருக்கும் என்று பதில் சொன்னார்கள். திட்டம் சரியா தப்பா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 ஜூலையில் வந்த சுப்பிரமணியம் பாலாஜி தீர்ப்பு, தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. கூடவே, தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கும் சொன்னது. இன்று 'இலவசம்' பற்றி எந்த டிவி விவாதம் நடந்தாலும் இந்தத் தீர்ப்பு வந்து நிற்கும். அதற்கு மூலகாரணங்களில் ஒன்று இந்த 14 இஞ்ச் பெட்டி.

அந்த விவாதங்களில் ஒரு விமர்சனம் எனக்கு எப்போதும் சுவாரசியமாகப் படும். 'டிவி சும்மா கிடைக்கும், ஆனா கேபிளுக்கு மாசாமாசம் யாரு குடுக்கறது?' என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கு அரசியல் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் கேள்வி சரியானது. பெட்டியின் விலை ஒரு பாதி, அதற்குள் படம் வர ஆகிற செலவு மறுபாதி. இந்த மறுபாதியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

எங்கள் சித்தி வீட்டில் அரசு கொடுத்த டிவி போன வருடம் வரை ஓடியது. நடுவில் இரண்டு முறை படுத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெக்கானிக் ஒரு தடவை கண்டென்சர் மாற்றினார், இன்னொரு தடவை எதையோ சால்டர் வைத்து ஒட்டினார். ரெண்டு தடவையும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. கேபிள் டிஜிட்டலுக்கு மாறியபோதும் அது சாகவில்லை. செட்டாப் பாக்ஸின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரைப் பின்னால் சொருகியதும் பாடத் தொடங்கியது. அந்த டிவிக்குள் மூளை என்று ஒன்று கிடையாது. வருகிற சிக்னலைப் படமாக்கும், அவ்வளவுதான். அதனாலேயே அதற்கு வயசாகவில்லை.

இனி 32 இஞ்சுக்கு வருவோம். பட்ஜெட் டிவி என்றாலே இன்று ஏன் 32? பேனல் தொழிற்சாலைகளின் கணக்கு ஒரு காரணம். இன்னொன்று, பலரும் கவனிக்காதது, வரி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது டிவிக்கு 28 சதவீதம். 2018 ஜூலையில் 26 இஞ்ச் வரையிலானவற்றுக்கு மட்டும் 18 ஆகக் குறைத்தார்கள். 2019 ஜனவரி 1 முதல் அந்த எல்லை 32 இஞ்ச் ஆனது. 32க்கு மேலே போனால் 28. இப்படி ஒரு கோட்டைப் போட்டால் கம்பெனிக்காரர்கள் எங்கே போய் நிற்பார்கள்? கோட்டைத் தொட்டபடிதான் நிற்பார்கள். குறைந்த வரியில் அதிகபட்ச அளவு 32. 24 இஞ்சுக்கும் 32 இஞ்சுக்கும் விலை வித்தியாசம் பல கடைகளில் ஓரிரு ஆயிரம்தான் என்பதால் 24ஐச் சீண்டுவார் குறைந்துபோனார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிகளுக்கும் 18 சதவீதம் ஆகிவிட்டது, அந்தக் கோடு இப்போது இல்லை. ஆனால் கோடு இருந்த ஆறேழு வருடத்தில் '32தான் சின்ன டிவி' என்பது பழக்கமாகிவிட்டது.

ஸ்மார்ட் என்பதும் கிட்டத்தட்ட அதே சமயம்தான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை தரைக்கு வந்தது. 2018 மார்ச்சில் ஷாவ்மி தன் 32 இஞ்ச் ஸ்மார்ட் டிவியை 13,999 ரூபாய்க்கு இறக்கியது. மற்றவர்களும் அந்த விலைக்கு இறங்க வேண்டியதாயிற்று.

நானும் அந்த அலையில்தான் என் வீட்டுக்கு ஒரு 32 வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். படம் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். 1366க்கு 768 புள்ளிகள்தான், 'எச்டி ரெடி' என்று கௌரவமாகச் சொல்வார்கள். ஆனால் எட்டடி தள்ளி உட்கார்ந்தால் 32 இஞ்சில் அந்தப் புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க சாதாரணக் கண்ணால் முடியாது. இந்த அளவில் ஃபுல் எச்டிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது, கிட்டத்தில் உட்காருபவர்களுக்கும் கம்ப்யூட்டர் மாட்டுபவர்களுக்கும் மட்டும்தான் பிரயோஜனம். கோளாறு வேறு இடத்தில் வந்தது. ஒரு ஜிபி ராம், எட்டு ஜிபி ஸ்டோரேஜ், அதில் சிஸ்டமே பெரும்பங்கைத் தின்றுவிடும். நாலாவது வருடம் யூடியூப் திறக்கச் சொல்லிவிட்டு காபி போட்டு எடுத்து வரலாம். அப்புறம் ஒரு செயலி அப்டேட் ஆக மறுத்தது, இன்னொன்று இந்தச் சாதனத்தில் இயங்காது என்று கைவிரித்தது. பேனல் புதுசு மாதிரி இருக்கிறது, மூளை கிழடாகிவிட்டது. எந்த மெக்கானிக்கும் இதற்கு சால்டர் வைக்க முடியாது. கடைசியில் ஒரு ஸ்டிக் வாங்கிச் சொருகி, ஸ்மார்ட் டிவியைச் சாதா டிவியாக்கி வைத்திருக்கிறேன்.

அப்பா விட்டுக்கொடுத்தது என்னவென்று கடையிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. கலர் இல்லை, சின்னது. நான் விட்டுக்கொடுத்தது எனக்கே நாலு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

இப்போது அந்த மறுபாதிக் கேள்வி. மீதிப் பணத்தை யார் கொடுக்கிறார்கள்? ஆன் செய்ததும் முகப்பில் வந்து நிற்கிற விளம்பரங்களைப் பாருங்கள். அமெரிக்காவில் மலிவு டிவிக்குப் பேர்போன விசியோ நிறுவனம், ஒரு கோடிக்கும் மேற்பட்ட டிவிகளில் யார் என்ன பார்க்கிறார்கள் என்ற தகவலைச் சரியாகச் சொல்லாமல் சேகரித்தது என்ற வழக்கில் 2017இல் 22 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. சில வருடங்களில் அதே நிறுவனத்துக்கு டிவி விற்பதைவிட விளம்பரம், தகவல் பக்கத்தில் வரும் மொத்த லாபம் பெரிதாகிவிட்டது. இதற்காக ஸ்மார்ட் டிவியே வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் விலைச் சீட்டில் இருக்கும் தொகை முழு விலை இல்லை என்பது தெரிந்திருக்கணும். அமைப்புகளுக்குள் போய் பார்வைத் தகவல் அனுப்புவதை நிறுத்தும் வசதி பல டிவிகளில் உண்டு, ஐந்து நிமிட வேலை.

சரி, அம்மா அறைக்குத் திரும்புவோம். 24 இஞ்ச் என்றால் ரொம்பச் சின்னது என்று தம்பி சொல்கிறான். ஸ்கேல் எடுத்துக் கணக்குப் போட்டேன். அகலத் திரை என்பதால் 24 இஞ்ச் டிவியில் படத்தின் உயரம் 11.8 இஞ்ச். பழைய 21 இஞ்ச் பெட்டி டிவியில் கண்ணுக்குத் தெரிகிற படம் சுமார் 20 இஞ்ச்தான், அதன் உயரம் 12. ஆக, அம்மா இருபது வருடம் பார்த்த அதே உயரம். சீரியலில் முகங்கள் அதே அளவில்தான் வரும். 32 என்றால் உயரம் 15.7. அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று பாக்கி. செய்தியில் கீழே ஓடுகிற எழுத்தைப் படிக்க அந்த நாலு இஞ்ச் உதவும். சத்தம் இன்னொரு பிரச்சனை. பெட்டி டிவியில் ஸ்பீக்கர் முகத்தைப் பார்த்து இருந்தது, பின்னால் காற்று உலாவ இடமும் இருந்தது. இப்போதைய மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழேயோ பின்னாலோ பார்க்கிறது. மூணு பக்கம் மரம் அடைத்த பொந்துக்குள் வைத்தால் வசனம் குழம்பித்தான் கேட்கும்.

என் அனுபவப்படி சாதா டிவி வாங்கி ஸ்டிக் சொருகுவதே புத்திசாலித்தனம். மூளை கெட்டால் மூளையை மட்டும் மாற்றலாம். போனில் இதை அம்மாவிடம் பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டு ரிமோட்டெல்லாம் எனக்கு ஆகாதுப்பா, ஏற்கனவே செட்டாப் பாக்ஸுக்கு ஒண்ணு இருக்கு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

32 இஞ்ச் ஸ்மார்ட், ராம் ஒன்றரை ஜிபியாவது உள்ளதாக, பட்ஜெட்டுக்கு மேலே ஒரு ஆயிரம் போனாலும் பரவாயில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அலமாரியின் பக்கப் பலகைகளை எடுக்கணும். ஷோகேஸ் செய்த ஆசாரி இப்போது இல்லை, அவர் மகன் வந்து அளவெடுத்துவிட்டு, பலகையை எடுத்தால் மேல்தட்டு தொங்கும், ஒரு முட்டு கொடுக்கணும் என்கிறார். செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். டிவிக்கு அதற்கப்புறம்தான் ஆர்டர் போடணும்.