வாஸர்குப்பே குன்றும் எஞ்சினில்லாப் பறத்தலும்

எஞ்சினின்றிக் காற்றின் துணையால் பறக்கும் விமானம் கிளைடர். ஏழை இளைஞரும் பறக்கலாம் என்ற நிலையை இது ஜெர்மனியில் உண்டாக்கியது. முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கை அந்நாட்டின் வான்படையைக் கலைத்தது. விமானம் கட்டவும் தடைகள் வந்தன. எஞ்சின் விமானம் வாங்கப் பணமும் இல்லை.

1920இல் இதழாசிரியர் ஆஸ்கர் உர்சினுஸின் முயற்சியால், ரோன் மலைப்பகுதியில் சுமார் 950 மீட்டர் உயரமுள்ள வாஸர்குப்பேயில் கிளைடர் போட்டி நடந்தது. மரச்சட்டமும் துணியும் கொண்டு தாமே செய்த கிளைடர்களுடன் பலர் வந்தனர். விரைவில் இரப்பர் கயிற்று முறை பரவியது. தோழர்கள் இரு அணியாகக் கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவில் ஓட, கவண்கல்போல் கிளைடர் கிளம்பும். சிறிது நேரத்தில் அடிவாரத்தில் இறங்கிவிடும். பிறகு எல்லோருமாக அதை மேலே இழுத்து வரவேண்டும். ஒருவர் பறக்கப் பலர் வியர்வை சிந்தினர், கட்டணம் அதுதான். ஆபத்தும் குறைவில்லை. முதல் போட்டியிலேயே ஓய்கன் ஃபான் லோசல் விழுந்து இறந்தார்.

1922 ஆகஸ்டில் ஹனோவர் மாணவர் குழுவின் 'வாம்பிர்' கிளைடரில் ஆர்தர் மார்ட்டென்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்தார். சரிவில் மோதி மேலெழும் காற்றே அவரைத் தாங்கியது. சில நாட்களில் ஹென்ட்சன் அதே கிளைடரில் மூன்று மணி நேரத்தைக் கடந்தார்.

1933க்குப் பின் நாஜி அரசு இக்கழகங்களைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. புதிய வான்படைக்கு விமானிகள் பலர் இங்கிருந்தே சென்றனர்.