பழுதுற்ற வட்டும் கோப்பு முறைமையும்: ஒரு வரலாற்று நோக்கு

பேசாலைக் கடற்றொழிலாளர், வலை சிக்கிக் கிழியும் பார் எங்குள்ளதென அறிந்தே வலை விடுவர். பாரை அகற்றுதல் இயலாது. இடத்தை நினைவிற் கொண்டு விலகிச் செல்லுதலே இயலும். கணினி வட்டின் பழுதுகளை மாந்தர் எதிர்கொண்ட வரலாறும் ஏறத்தாழ இத்தகையதே.

காந்தப் பூச்சுடைய வட்டு, செக்டர் எனப்படும் சிறு கூறுகளாகப் பகுக்கப்படுவது. பூச்சிற் குறையுள்ள கூறு, தன்னிடம் எழுதியதைத் திருப்பித் தராது. குறையே இல்லாத வட்டு அரிதாகலின், முன்னோடிகள் குறையை ஒப்புக்கொண்டே முறைமைகளை வகுத்தனர்.

இவற்றுள் 1970களின் இறுதியில் யுனிக்ஸ் கையாண்ட வழி சுவையானது. அதில் ஒவ்வொரு கோப்பிற்கும் ஐநோட் எனும் எண்ணிட்ட பதிவு உண்டு. கெட்ட கூறுகள் யாவும் முதலாம் ஐநோட்டுக்குரிய கோப்பொன்றிற் சேர்க்கப்பட்டன. ஒரு கோப்புக்கு உரியதாகிவிட்ட இடத்தை முறைமை பிறிதொன்றுக்கு வழங்காதன்றோ! கோப்புகள் அனைத்திற்கும் தலைவாயிலான மூல அடைவு இரண்டாம் எண்ணைப் பெற்றது இதனாலேயே. 1993 இல் லினக்சுக்கென எழுதப்பட்ட எக்ஸ்ட்2 முறைமையும் முதலாம் எண்ணைக் கெட்ட கூறுகளுக்கே ஒதுக்கியது. டிஜிற்றல் எக்குயிப்மென்ற் நிறுவனத்தின் 144 ஆம் நியமமோ, அதிகபட்சம் 126 கெட்ட கூறுகளின் பட்டியலை வட்டின் கடைசித் தடத்தில் ஐந்து பிரதிகளாக எழுதி வைத்தது. பட்டியலே பழுதுற்றால் என்செய்வது என்னும் முன்னெச்சரிக்கை அது.

1990களில் நிலைமை மாறிற்று. ஒரு கூறு கெட்டால், ஒதுக்கி வைத்த கூறொன்றை வட்டே மாற்றாக அமைத்துக்கொள்ளும் முறை பரவியது. இதனை முற்றிலும் முன்னேற்றமெனக் கொள்வதற்கில்லை. பழுது பற்றிய அறிவு பயனாளரின் கையை விட்டு வட்டினுள் மறைந்தது. மாற்றப்பட்ட கூறுகளின் எண்ணிக்கை ஸ்மார்ட் பதிவில் இருப்பினும், கேட்டாலன்றி அது வெளிப்படாது. கேட்பவரோ சிலரே.

ஈழத்துத் தமிழ் வாசகர்க்கு இது வெறும் பொறியியற் செய்தியன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம், எஞ்சிய ஏடுகளையும் இதழ்களையும் மின்வடிவாக்கத் தொடங்கியது. நெருப்புக்குத் தப்பிய தாள்கள் இவ்வாறு வட்டுகளிலும் குடிபுகுந்தன. பல படிகள் எடுத்து வெவ்வேறிடங்களில் வைத்தலே அவற்றுக்கு உரிய காப்பு. ஒரே படி கொண்ட வட்டு பழுதுற்றால் நிலைமை வேறு.

அத்தகைய வட்டை மீட்க 2004 இல் வெளிவந்த டிடிரெஸ்க்யூ என்னும் மென்பொருள், பழைய பட்டியல் மரபுக்கே மீள்கின்றது. முரண்டும் கூறுடன் அது முதலிற் போராடுவதில்லை. விலகிச் சென்று நல்லவற்றை முதலிற் படியெடுக்கும். பின்னரே கெட்ட இடங்களுக்குத் திரும்பிச் சிறிது சிறிதாக வாசிக்க முயலும். நலிந்த வட்டு எந்நேரமும் நின்றுபோகலாம் ஆதலின் இவ்வரிசை இன்றியமையாதது. ஈற்றிலும் வாசிக்க இயலாதவை வெற்றிடமாகவே விடப்படும். எவ்விடம் வெற்றிடம் என்பது அதன் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும்.