தூரத்தில் இருக்கும் ஆளி

1990களின் நடுப்பகுதி வரைக்கும் மேசைக் கணனியின் ஆளியை அமத்தினால் மின்சாரம் முற்றாக நின்றுவிடும். திரும்பப் போடுவதற்கு ஒருவர் நேரே போகவேணும். நூறு கணனி என்றால் நூறு தடவை நடை. செத்துக் கிடக்கும் இயந்திரத்துக்கு ஏது காது?

அந்தக் காதை 1995ஆம் ஆண்டு கொடுத்தது. இன்ரெல் அந்த வருடம் வெளியிட்ட ஏரிஎக்ஸ் அமைப்பில், கணனியை அணைத்த பிறகும் 5 வோல்ற் மின்சாரம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அதே வருடம் ஏஎம்டியும் ஹியூலட் பக்கார்ட்டும் சேர்ந்து 'மஜிக் பக்கற்' முறையைக் கொண்டுவந்தன. கணனி தூங்கும், வலையமைப்பு அட்டை மட்டும் விழித்திருக்கும். எல்லாப் பிற்றுகளும் ஒன்றாக உள்ள 6 பைற், அதன்பின் அந்த அட்டையின் முகவரி 16 தடவை. இந்த 102 பைற் வந்தால் அட்டை கணனியை எழுப்பிவிடும்.

1999இல் சண் மைக்ரோசிஸ்ரம்ஸ் 'சண் ரே' முனையத்தை வெளியிட்டது. அதில் ஹார்ட் டிஸ்க் இல்லை. வேலை முழுக்க சேர்வரில். அட்டையைக் கழற்றி வேறு முனையத்தில் செருகினால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். ஆகவே முனையத்தை அணைத்துப் போட்டாலும் வேலை அழியாது. நிர்வாகிகளுக்குத் தயக்கம் போனது இப்படித்தான்.

ஆனால் மீள ஆரம்பிப்பது வேறு, மின்சாரத்தை வெட்டிக் கொடுப்பது வேறு. முதலாவது ஒரு கட்டளை. இறுகிப்போன இயந்திரம் அதைக் கேட்காது. மஜிக் பக்கற்றும் தூங்குவதைத்தான் எழுப்பும். 2003இல் வந்த 802.3ஏஎஃப் நியமம், தரவு போகும் வயரிலேயே 15.4 வாற் வரை மின்சாரத்தையும் அனுப்ப வழிசெய்தது. அப்படி இயங்கும் முனையம் இறுகினால், வயரின் மற்ற முனையில் மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுத்தால் சரி.

இவ்வளவிலும் முனையத்துக்கு முன்னால் இருப்பவரை யாரும் கேட்கவில்லை. மஜிக் பக்கற்றின் அடிப்படை வடிவில், அனுப்புவது யார் என்ற சோதனைகூட இல்லை. சேர்வரில் வேலை பத்திரமாக இருக்கலாம். ஆனால் உணவகத்தில் ஓடர் எடுக்கும் நேரம் திரை கறுத்தால், வாடிக்கையாளர் முறைப்பது முன்னால் நிற்கும் எங்களைத்தான். எங்கேயோ இருந்து அணைத்தவரை அல்ல. அணைக்க முதல் 'இப்ப அணைக்கலாமா?' என்று திரையில் ஒரு வரி காட்டலாம். அதற்குப் புதுத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.