ஷெர்லாக் ஹோம்ஸைக் கொன்றவர் பனியில் சறுக்கிய கதை

சில வருடங்களுக்கு முன் ஜூரிச்சில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு சனிக்கிழமை டாவோஸுக்குக் கூட்டிப்போனார்கள். மாப்பிள்ளை விடாமல் வற்புறுத்தியதால், அறுபத்தாறு வயதில், வாடகைக்கு எடுத்த பனிச்சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டேன். மூன்று நிமிடம் நின்றேன். பிறகு விழுந்தேன். விழுந்தது பெரிதில்லை, எழுந்திருக்கத்தான் அரை மணி ஆயிற்று. "கவலைப்படாதீங்க மாமா, கோனன் டாயிலே இந்த ஊர்லதான் விழுந்து எழுந்தார்" என்று மாப்பிள்ளை சமாதானம் சொன்னார். ஊர் திரும்பியதும் அந்தக் கதையைத் தேடிப் படித்தேன்.

ஆர்தர் கோனன் டாயிலை நாம் எழுத்தாளராகத்தான் அறிவோம். அவர் டாக்டருக்குப் படித்தவர். காசநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாக ராபர்ட் காக் அறிவித்தபோது, 1890-ல் பெர்லினுக்கே போய் விசாரித்து, அவசரப்பட்டு நம்பவேண்டாம் என்று எழுதியவர். மூன்றே வருடத்தில் அந்த நோய் அவர் வீட்டுக்குள்ளேயே வந்தது. 1893-ல் மனைவி லூயிசாவுக்குக் காசநோய் என்று தெரிந்தது. சில மாதங்கள்தான் என்றார்கள் டாக்டர்கள். தானே டாக்டராக இருந்தும் பக்கத்தில் இருந்தவளின் நோயை முன்பே கவனிக்கவில்லையே என்று அந்த மனிதர் என்ன பாடுபட்டிருப்பார்!

அந்தக் காலத்தில் இதற்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் ஐம்பது வருடம் இருந்தது. சுத்தமான காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, இவ்வளவுதான் வைத்தியம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கியதும் இதே நம்பிக்கையில்தான். மின்சார ரயிலில் அந்த ஸ்டேஷனைத் தாண்டும்போது பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஐரோப்பாவில் அப்படிப் பெயர்பெற்ற ஊர் டாவோஸ். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,560 மீட்டர். நோயாளிகள் கம்பளி போர்த்திக்கொண்டு, உறையும் குளிரில் பால்கனியில் மணிக்கணக்காகப் படுத்திருப்பார்கள்.

லூயிசாவை அங்கே கொண்டுவந்து சேர்த்தார் கணவர். அந்த டிசம்பரில்தான் ஹோம்ஸ் அருவியில் விழுந்து சாகும் கதை ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் வெளியாகி வாசகர்கள் கொதித்தார்கள். இவரோ டாவோஸில் எழுதுவார், மனைவியைப் பார்த்துக்கொள்வார். மீதி நேரத்தை என்ன செய்வது? வயது 34, கிரிக்கெட்டும் கால்பந்தும் ஆடிய உடம்பு. நான்சென் ஸ்கீயில் கிரீன்லாந்தைக் கடந்ததைப் படித்திருந்ததால் அதில் ஆசை வந்தது. எட்டடி நீளம், நாலு அங்குல அகலத்தில் இரண்டு மரப் பலகைகள். கையில் ஒரே ஒரு நீண்ட கோல். சுவிட்சர்லாந்துக்கே அப்போது அது புது வேடிக்கை.

உள்ளூரில் டோபியாஸ், ஜோஹன் என்று பிராங்கர் சகோதரர்கள் இருந்தார்கள். ஊரார் கேலிக்குப் பயந்து இருட்டிய பிறகே பழகினார்களாம். 1894 மார்ச் 23 அன்று அதிகாலை நாலரை மணிக்கு இவரைக் கூட்டிக்கொண்டு அரோசாவுக்குப் புறப்பட்டார்கள். நடுவே மேயன்ஃபெல்டர் ஃபுர்கா என்ற கணவாய், 2,400 மீட்டருக்கு மேல். கணவாயைத் தாண்டியபின் ஒரு செங்குத்தான சரிவில் பலகைகளைக் கழற்றிச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் உட்கார்ந்து இறங்குவதாக ஏற்பாடு. டாயிலின் பலகைகள் அவரை விட்டுவிட்டுத் தனியே பறந்துபோய்விட்டன. மனிதர் உட்கார்ந்த நிலையிலேயே சறுக்கிப் போனார். ஹாரிஸ் ட்வீட் துணி தேயவே தேயாது என்று தையற்காரர் சொல்லியிருந்தாராம். அதன் துணுக்குகள் வழி நெடுகக் கிடைக்கும் என்றும், அன்று முழுக்கச் சுவரை ஒட்டி நிற்பதே நிம்மதியாக இருந்தது என்றும் அவரே பிறகு எழுதினார்.

பதினொன்றரைக்கு அரோசா. ஒரு மணிக்கு முன்னால் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்ட ஊரார் வேடிக்கை பார்க்கத் திரண்டபோது, இவர் ஹோட்டலில் மதிய உணவை முடித்துக்கொண்டிருந்தார். ஹோட்டல் பதிவேட்டில் அவருடைய தொழில் என்ற இடத்தில் டோபியாஸ் 'விளையாட்டு வீரர்' என்று எழுதிவிட்டார். டாக்டர் பட்டத்தையும் ஹோம்ஸையும் விட அது அவருக்குப் பிடித்துப்போனது!

அவர் எழுதிய கட்டுரை அதே வருடம் டிசம்பரில் ஸ்ட்ராண்டில் வந்தது. ஒருநாள் ஆங்கிலேயர்கள் ஸ்கீக்காகவே நூற்றுக்கணக்கில் சுவிட்சர்லாந்துக்கு வருவார்கள் என்றார் அதில். பலித்தது. ஆனால் அந்தப் பகுதிக்கு ஸ்கீயை அறிமுகப்படுத்தியதே தான்தான் என்று வயதான காலத்தில் எழுதிக்கொண்டது எனக்கு உறுத்துகிறது. பிராங்கர் சகோதரர்கள் அதற்கு முந்தைய வருடமே அந்தக் கணவாயைக் கடந்துவிட்டார்கள். பேனா அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

சில மாதங்கள் என்று கெடு வைக்கப்பட்ட லூயிசா 1906 ஜூலை வரை, சுமார் 13 வருடம், உயிரோடு இருந்தார். நான் படித்த வரையில், டாவோஸ் பால்கனியில் படுத்தபடி அந்த அம்மாள் என்ன நினைத்தார் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.