பெட்டியில் '410' என்று இருந்தால் போதுமா? தோட்டா போடும் முன் பார்க்க வேண்டியவை

410 என்பது 12 போர் போன்ற எண் அல்ல; குழலின் விட்டம், 0.410 அங்குலம். அமெரிக்காவில் சில 410 ரவைத் தோட்டாக்கள் ரிவால்வருக்கென்றே விற்கப்படுகின்றன. பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்க்காதீங்க, அளவைப் பாருங்க.

• இரண்டரை அங்குல சேம்பரில் 3 அங்குலத் தோட்டா கூடாது. உள்ளே போய்விடலாம், ஆனால் சுடும்போது அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் எகிறும்.

• அதே ரிவால்வரில் போகும் '45 கோல்ட்' தோட்டாவை 410-ல் போடவே கூடாது. அதன் குண்டு குழலைவிடப் பெரியது.

• இந்தியப் போலீஸின் பழைய 410 மஸ்கட், 303 ரைஃபிளை மாற்றிச் செய்தது. பெயர் ஒன்றுதான், தோட்டா வேறு.

தூத்துக்குடியோ வேறு மாவட்டமோ, உரிமத்தில் உள்ள துப்பாக்கிக்கான தோட்டா மட்டுமே வாங்கலாம். குழலில் பொறித்த அளவு தெரியலையா? சுடாதீங்க, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் காட்டிக் கேளுங்க.